சிஸ்டர் லியோன்டீனுக்கு ஒரு புரூச்

முப்பத்தொரு வருடம் எங்கள் ஊர் கிளிப்போர்ட்டின் கிளினிக்கை ஒற்றை நர்ஸாக நடத்திய சிஸ்டர் லியோன்டீன் மார்ச் மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார், கோரிக்ஸாஸில் தம்பி வீட்டுக்குப் போகிறார் என்று தெரிந்ததும் எங்கள் சர்ச் பெண்கள் சங்கத்தில் பரிசைப் பற்றிச் சண்டை வந்தது. ஒருத்தி கம்பளி என்றாள். ஒருத்தி சுவர்க் கடிகாரம் என்றாள். சங்கத் தலைவி கெர்ட்ரவுட் அக்கா இரண்டையும் கேட்டுக்கொண்டார். வேலையை விட்டுப் போகிறவளுக்கு இனிமேல் எதற்கு மணி பார்க்க வேண்டும் என்று ஒரே வரியில் கடிகாரத்தை முடித்தார். கோரிக்ஸாஸ் வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொள்வாளா என்று அதையும் முடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எர்வினா, நீ என்ன வாயைத் திறக்காம உக்காந்திருக்க? நம்ம மலைக் கல்லை வெச்சு, உடுப்புல குத்திக்கற மாதிரி ஒரு புரூச் பண்ணு. கறுப்பும் வெள்ளையுமா. நம்ம சங்கத்து உடுப்பு மாதிரி இருக்கணும்."

நான் கிளிப்போர்ட்டில் பிறந்தவள். இப்போது இருப்பது ஐம்பது கிலோமீட்டர் தள்ளி உசாகோஸில், ரயில் தண்டவாளத்துக்குப் பின்னால் உள்ள தெருவில். வீட்டின் பின்னறையில் கல் தீட்டும் சக்கரம், வெள்ளியைப் பற்றவைக்கும் விளக்கு, ஒரு மேசை. பிழைப்பு அதில்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் சொந்த ஊர் வந்துவிடுவேன். என் இரண்டு பிள்ளைகளையும் முதலில் கையில் வாங்கியவர் சிஸ்டர். அதனால் மறுக்க எனக்கு வாயில்லை, மனமும் இல்லை.

எங்கள் மலை இரண்டு கல்லைத் தாராளமாகக் கொடுக்கும். ஒன்று கறுப்பு டூர்மலின். நீளவாக்கில் கோடு விழுந்து, அடுப்பில் மிஞ்சிய கரிக்குச்சி போலப் பாறையில் செருகி நிற்கும். தோண்டுகிறவர்கள் கருங்குச்சி என்பார்கள். இன்னொன்று நிறமே இல்லாத டோபாஸ். பார்வைக்குச் சாதாரணப் படிகக்கல் மாதிரிதான். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அதே அளவுப் படிகத்தைவிட டோபாஸ் கனம். தார்ச்சாலை முக்கில் மேசை போட்டு வெளியூர்க்காரர்களுக்கு விற்கிறார்களே, அந்தக் கற்கள்தான்.

கெர்ட்ரவுட் அக்கா ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று அறிவித்தார். தோண்டுகிற ஒவ்வொரு வீடும் ஒரு கல்லாவது கொடுக்க வேண்டும் என்றார். ஒரு வாரத்தில் என் மேசையில் பதினாலு கருங்குச்சியும் ஆறு டோபாஸும் சேர்ந்தன. கறுப்பில் குறையில்லை. வெள்ளையில் ஒன்றும் சரியாக அமையவில்லை. இரண்டு, பால் கலந்த தண்ணீர் போல மங்கல். ஒன்று கடலைப்பருப்பு அளவு. மிச்சத்தில் உள்ளே விரிசல்.

நல்ல டோபாஸ் வேண்டுமென்றால் கேட்க வேண்டிய ஆள் யோசபாத் அண்ணன். அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவரிடம் யாரும் கேட்கவில்லை, கெர்ட்ரவுட் அக்காகூட.

காரணம் இதுதான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் யோசபாத் அண்ணனின் மனைவி சூலமித், பிரசவத்துக்குக் கிளினிக்குக்குப் போனாள். குழந்தை பிறந்தது. ரத்தம் நிற்கவில்லை. சிஸ்டர் ஆம்புலன்ஸுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். அதற்குள் ஒரு பண்ணைக்காரரின் பிக்கப் வண்டி தற்செயலாகக் கிளினிக் வாசலில் வந்து நின்றது. உசாகோஸ் ஆஸ்பத்திரி இருக்கும் வழியாகப் போகிற வண்டி. வண்டி கொஞ்ச நேரம் நின்றது, பிறகு போய்விட்டது. சிஸ்டர் சூலமித்தை அதில் ஏற்றவில்லை. ஆம்புலன்ஸ் சரளைச் சாலையில் சக்கரம் உடைந்து சாயங்காலம்தான் வந்தது. சூலமித் மத்தியானமே போய்விட்டாள்.

நான் அந்த வருடம் கரிபிப்பில் ஒரு பட்டறையில் வேலை கற்றுக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஊர் சொன்னதுதான். ஊர் சொன்னது: வாசலில் வண்டி நின்றது, சிஸ்டர் ஏற்றியிருக்கலாம். யாரும் அதை சிஸ்டர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்லாதவர்களும் இல்லை. சிஸ்டர் ஒரு முறைகூடப் பதில் சொன்னதில்லை.

யோசபாத் அண்ணன் அதற்குப் பிறகு கிளினிக் படியை மிதிக்கவில்லை. ஒரு தடவை உளி நழுவிப் பெருவிரல் எலும்பு தெரிந்தபோது, கையில் சட்டையைச் சுற்றிக்கொண்டு சாலையில் வண்டி மறித்து உசாகோஸ் வரைக்கும் வந்து தையல் போட்டுக்கொண்டார். குழந்தை ஹெட்விக்கை சூலமித்தின் அக்கா வளர்த்தாள். இப்போது ஹெட்விக் கடலோரத்து வால்விஸ் பேயில் மீன் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். அப்பாவைப் பார்க்க மாதம் ஒரு முறை வருவாள். அப்படியே சிஸ்டர் வீட்டுக்கும் போய் ஒரு தேநீர் குடித்துவிட்டுத்தான் திரும்புவாள். அதைப் பற்றி அப்பா கேட்டதுமில்லை, அவள் சொன்னதுமில்லை.

அப்படிப்பட்ட யோசபாத் அண்ணன், விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை காலை என் பின்னறை வாசலில் வந்து நின்றார். வழக்கமாக என்னிடம் விற்கக் கொண்டுவருவதைச் சாக்கில் போட்டுக்கொண்டு வருவார். அன்றைக்குச் சாக்கு இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு மூக்குப்பொடி டப்பாவை எடுத்தார். உள்ளே ஆட்டு ரோமம். ரோமத்துக்குள் ஒரு கல்.

என் பெருவிரலின் முதல் கணு அளவு இருந்தது. டோபாஸ். அந்தத் தெளிவை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மேசைமேல் கிடந்த கணக்குத்தாளின்மேல் வைத்தேன். எழுத்து அப்படியே அடியில் தெரிந்தது, நடுவில் கல் இருக்கிறது என்பதே விளிம்பைப் பார்த்தால்தான் புரிந்தது. இருபது வருடத் தொழிலில் அப்படி மூன்று கல்தான் பார்த்திருப்பேன்.

விலை கேட்டேன். விற்க வரவில்லை என்றார். பின்னே எதற்கு என்றேன்.

"அந்த புரூச்சுக்கு."

தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தேன், குடித்தார். பிறகு ஒரு நிபந்தனை சொன்னார்: யார் கொடுத்த கல் என்று யாருக்கும் தெரியக்கூடாது. சரி என்றேன். இன்னொன்றும் சொன்னார்.

"சின்னதா வெட்டிடாத. எவ்வளவு பெருசா நிக்குமோ அவ்வளவு பெருசா நிக்கட்டும்."

கல்லை விளக்குக்கு நேரே பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினேன். அடிப்பக்கத்தில், ஒரு மூலையில், நகக்கண் அளவுக்கு ஒரு வானவில் மின்னி மறைந்தது. டோபாஸ் கடினமான கல்தான், படிகத்தைக் கீறிவிடும். ஆனால் விறகுக்கு நார் ஓடுவதுபோல அதற்குள் ஒரே ஒரு திசை உண்டு. அந்தத் திசையில் ஒரு தட்டு விழுந்தால் போதும், கத்தியால் நறுக்கியதுபோலத் தட்டையாகப் பிளக்கும். நான் பார்த்த வானவில் அந்தப் பிளவு தொடங்கியிருக்கும் இடம். காற்றுப் புகுந்த இடத்தில்தான் அப்படி நிறம் தெரியும்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இங்கே கோடு இருக்கிறது, இதுவரைக்கும் அறுத்து எடுத்துவிடுகிறேன், மிச்சம் பாதிதான் தேறும் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இப்போது ஏதாவது குறை சொன்னால் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போய்விடுவார், இன்னொரு இருபத்திரண்டு வருடம் சிஸ்டர் பக்கம் திரும்பமாட்டார் என்று பட்டது. அடிப்பக்கம்தானே, வெள்ளி மறைத்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல கல், அண்ணே, என்று மட்டும் சொன்னேன்.

கல் சக்கரத்தில் நன்றாகவே ஒத்துழைத்தது. நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். பக்கத்துக்கு மூன்றாகக் கருங்குச்சிகளைப் பட்டையாகத் தீட்டினேன். கறுப்பு டூர்மலினைத் தீட்டுவது அழுக்கு வேலை. கை, மூக்கு, பல் எல்லாம் கறுத்துவிடும். அவசரப்பட்டால் முனை உதிரும், இரண்டு உதிர்ந்தன. ஆனால் மெருகு ஏறிவிட்டால் காற்றில்லாத கிணற்றில் எட்டிப் பார்ப்பதுபோல முகம் தெரியும். வெள்ளைக்கல்லை நடுவில் நான்கு வெள்ளிக் கொக்கிகளால் பிடித்து நிறுத்தினேன். எல்லாப் பக்கமும் வெளிச்சம் புகவேண்டும் என்றுதான் கொக்கி. அடுத்த வியாழன் மாலை எல்லாம் முடிந்தது. கொக்கிகளுக்கு அடியில் மெருகுப் பசை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

என்னிடம் நகை வாங்கும் ஒவ்வொருவருக்கும் நான் வாய் வலிக்கச் சொல்வது ஒன்று உண்டு. டோபாஸை வெதுவெதுப்பான தண்ணீரில், கொஞ்சம் சோப்புப் போட்டு, மெல்லிய தூரிகையால் கழுவுங்கள். நகைக்கடையில் இருக்கும் அதிர்வுத் தொட்டியில் மட்டும் போடவிடாதீர்கள். தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத நடுக்கத்தால் அழுக்கை உதிர்க்கும் தொட்டி அது. வைரத்துக்குச் சரி, டோபாஸுக்கு எமன்.

என்னிடமும் அப்படி ஒரு தொட்டி இருக்கிறது. தூரிகையால் அந்தப் பசையை எடுக்க அரைமணி நேரம் ஆகும். எனக்கு முதுகு வலித்தது. அரை நிமிடம்தானே என்று போட்டேன்.

சத்தம்கூட வரவில்லை. வெளியே எடுத்தபோது இரண்டு கொக்கிகளுக்கு நடுவே கல் இல்லை. தொட்டியின் அடியில் ஒரு துண்டு தட்டையாக, ஜன்னல் கண்ணாடிபோல் கிடந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. என் பெயரைச் சொல்லி நானே என்னைத் திட்டிக்கொண்டேன், எங்கள் மொழியில் அதற்கு நல்ல நல்ல வார்த்தைகள் உண்டு.

கெர்ட்ரவுட் அக்காவுக்கு போன் செய்தேன். யார் கொடுத்த கல் என்று சொல்லவில்லை. உடைந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை.

"ஏண்டி, உன்கிட்ட கண்ணாடித் துண்டு இல்லையா? படிகம் இல்லையா? மாட்டிவிடு. சிஸ்டர் என்ன கண்ணாடி போட்டு சோதிக்கப் போறாங்களா?"

என் இழுப்பறையில் நல்ல படிகம் இருந்தது. அரை நாளில் அதே அளவுக்குத் தீட்டிவிடலாம். சிஸ்டருக்குத் தெரியாது. சங்கத்தில் ஒருத்திக்கும் தெரியாது. யோசபாத் அண்ணனுக்குத் தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும். அவருக்கு மட்டும் தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குப் புரிந்தது. அவர் வாயைத் திறக்கமாட்டார். கல்லை நான் திருடிக்கொண்டேன் என்றுகூட நினைக்கலாம், அப்போதும் திறக்கமாட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மலையின் மேற்குப் பக்கத்தில் அவருடைய கூடாரம். தார்ப்பாய், தண்ணீர் டிரம், கம்பிச் சல்லடை, கழுதை ஒன்று. அவர் அடுப்பில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். இறங்கி நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன். நான் செய்தது என்ன, எதைச் செய்யக்கூடாது என்று தெரிந்தும் செய்தேன், முதல் நாளே கோட்டைப் பார்த்தும் சொல்லவில்லை, எல்லாம்.

அவர் கஞ்சிப் பானையை இறக்கி வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு துண்டுகளை வாங்கினார். பிளந்த முகத்தை நாக்கால் தொட்டு ஈரமாக்கி, வெயிலில் சாய்த்துப் பார்த்தார். தோண்டுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"அந்தக் கோடு எனக்குத் தெரியும்" என்றார். "கல்லு வெளிய வந்த அன்னிக்கே இருந்துச்சு. உன்கிட்ட குடுக்கறப்போ அந்தப் பக்கத்தைக் கீழ வெச்சுத்தான் குடுத்தேன். நீ பாத்துட்டன்னு உன் மூஞ்சியைப் பாத்ததும் தெரிஞ்சுது. நீ ஒண்ணும் சொல்லல. சரி, போகட்டும்னு நானும் விட்டுட்டேன்."

அவர் ஒரு தகர டின்னைக் கவிழ்த்துப் போட்டார். உட்கார்ந்தேன். கஞ்சியை இரண்டு கிண்ணத்தில் ஊற்றி ஒன்றை என்னிடம் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கழுதையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அந்தக் கல் கிடைத்தது சூலமித் போன அன்றைக்கு.

காலையிலேயே அவளைக் கிளினிக்கில் விட்டுவிட்டு வேலைக்கு ஏறியிருக்கிறார். முதல் பிரசவம், நேரம் ஆகும் என்று எல்லாரும் சொன்னார்கள். மேலே ஒரு பாறைப் பொந்து திறந்து, களிமண்ணுக்குள் அந்தக் கல் பாதி தெரிந்தபடி இருந்திருக்கிறது. மரக்குச்சியால் சுற்றிலும் சுரண்டிக்கொண்டிருந்தபோது, கிளினிக்கைக் கூட்டிப் பெருக்கும் ஃபிலேமோன் மூச்சு வாங்க ஏறி வந்தார். சிஸ்டர் அனுப்பியிருக்கிறார்: பிக்கப் ஒன்று நிற்கிறது, சூலமித்தை ஏற்றி அனுப்பலாம், ஆனால் பின்னால் கூட உட்கார்ந்து மருந்து பாட்டிலைப் பிடித்துக்கொண்டு போக ஆள் வேண்டும். கிளினிக்கில் இன்னொரு பெண்ணுக்கும் வலி எடுத்துவிட்டது, சிஸ்டரால் விட்டுவிட்டுக் கிளம்ப முடியாது. புருஷன் உடனே வரவேண்டும்.

"நீ போ, இதோ வர்றேன்னு சொன்னேன்" என்றார். "சொல்லிட்டு சுரண்டிகிட்டிருந்தேன். இழுத்தா உடைஞ்சிடும்னு பயம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு... நான் இறங்கிப் போறப்போ வண்டி போயிடுச்சு. பண்ணைக்காரன் முக்கால் மணி நேரம் நின்னானாம்."

ஃபிலேமோன் அந்தக் குளிர்காலமே இறந்துபோனார். அவர் யாரிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது. அப்புறம் அந்த விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர்: யோசபாத் அண்ணன், சிஸ்டர். சிஸ்டர் ஊரிடம் சொல்வார், சொல்வார் என்று அவர் முதல் வருடமெல்லாம் காத்திருந்தாராம். சிஸ்டர் சொல்லவில்லை. ஊர் சிஸ்டரைத் தூற்ற ஆரம்பித்தது. அப்போதும் சொல்லவில்லை. அப்புறம் அவரால் சிஸ்டரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கோபத்தில் ஒதுங்கிப் போகிறார் என்று நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டோம்.

கல்லை விற்கவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை என்றார்.

கஞ்சி ஆறிப்போயிருந்தது. இரண்டு பேரும் குடித்து முடித்தோம். எந்தத் துண்டு சுத்தமாக இருக்கிறது என்று கேட்டார். பெரிய துண்டில் இனிக் கோடே இல்லை, பிளவு அதோடு போய்விட்டது, ஆனால் தீட்டினால் பட்டாணியைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக வரும் என்றேன்.

"அதைத் தீட்டு. நானும் வர்றேன்."

அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு உசாகோஸ் திரும்பினேன். அன்று முழுவதும், சனிக்கிழமை முழுவதும், என் பின்னறையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கல்லை இந்தத் தடவை கொஞ்சம் சாய்த்து வைத்துத் தீட்டினேன். மேல்முகம் பிளவுத் திசைக்குச் சரியாக அமைந்துவிட்டால் மெருகே ஏறாது, சக்கரம் பிய்த்துப் பிய்த்து எடுக்கும். சாய்த்தால் ஏறும். அவர் அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். நாற்பது வருடமாக இந்தக் கல்லைத் தோண்டுகிறவருக்கு அது தீட்டப்படுவதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று சொன்னார். கொக்கியை விட்டுவிட்டு, சுற்றிலும் மெல்லிய வெள்ளி வரம்பு கட்டி கல்லை உட்காரவைத்தேன். கறுப்புக் கற்களை ஆறிலிருந்து நாலாகக் குறைத்தோம். எந்த நாலு என்று அவர்தான் பொறுக்கினார். பசையை இருவருமாகத் தூரிகையால் எடுத்தோம். வெதுவெதுப்பான தண்ணீர், சோப்பு, நாற்பது நிமிடம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் மண்டபத்துக்கு வெளியே முள்மர நிழலில் பெஞ்சுகள் போட்டோம். இரும்புப் பானையில் ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது, ஒரு தட்டு நிறைய எண்ணெயில் பொரித்த ரொட்டி, இஞ்சிப் பானம். சிஸ்டர் சீருடை இல்லாமல் நீலக் கவுனில் வந்திருந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல இருந்தார். கெர்ட்ரவுட் அக்கா பேசினார். சிஸ்டர் பார்த்த பிரசவங்கள் எழுநூற்றுச் சொச்சம் என்றார், அதில் பாதிப் பேர் உருப்படவில்லை, அதற்கு சிஸ்டர் பொறுப்பில்லை என்றார். எல்லாரும் சிரித்தார்கள். புரூச் இருந்த பெட்டியைத் திறந்து ஒரு தடவை கூட்டத்துக்குக் காட்டினார்.

அப்போது யோசபாத் அண்ணன் பின்னாலிருந்து முன்னே வந்தார். துவைத்த காக்கிச் சட்டை, தொப்பி கையில். அவர் அங்கே நிற்பதையே பலர் அப்போதுதான் கவனித்தார்கள். கெர்ட்ரவுட் அக்காவிடம் கையை நீட்டினார். அக்கா ஒரு கணம் பெட்டியை மார்போடு பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். கொடுத்துவிட்டார்.

பெட்டியோடு சிஸ்டர் முன்னால் போய் நின்றார். நான் வண்டியில் வரும்போது அவரிடம் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை, என்ன பேசப்போகிறார் என்று எனக்கும் தெரியாது.

"சிஸ்டர்" என்றார். "இந்த வெள்ளைக் கல்லு கெட்டியாத்தான் இருக்கும். ஆனா அடி தாங்காது. மேசையில இடிச்சிடாதீங்க. வேலை செய்யறப்போ கழட்டி வெச்சிடுங்க."

சிஸ்டர் சரி என்று தலையசைத்தார்.

"கழுவறதுனா வெதுவெதுன்னு தண்ணி. உங்க ஊசியைக் கொதிக்க வைக்கற மாதிரி கொதிக்க வெச்சிடாதீங்க. சூட்டுலேர்ந்து எடுத்து பச்சத் தண்ணில போட்டாலும் விட்டுப்போகும். கடையில குலுக்கற தொட்டி ஒண்ணு வெச்சிருப்பாங்க, அதுல போடவே விடாதீங்க. கறுப்புக் கல்லு வெயில்ல சூடானா தூசியை இழுக்கும். பழுதுன்னு நினைக்காதீங்க, அதோட குணம் அது. மெல்லிசு துணியால துடைச்சா போதும். மத்த நகையோட ஒண்ணாப் போடாதீங்க. வெள்ளைக் கல்லு மத்ததைக் கீறிடும். தனியா ஒரு துணிப்பையில..."

அங்கே நின்றுவிட்டார். சிஸ்டர் அவசரப்படுத்தவில்லை. நோயாளி தன் வலியைச் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருப்பாரே, அதே முகம்தான்.

"அன்னிக்கு வண்டி நிக்குது, வான்னு நீங்க ஆள் அனுப்பினீங்க" என்றார் யோசபாத் அண்ணன். குரலைத் தாழ்த்தவில்லை, கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது. "நான்தான் வரல. இந்தக் கல்லைத் தோண்டிகிட்டு இருந்தேன்."

பானைக்கு அடியில் விறகு வெடிக்கிற சத்தம் கேட்டது. சூலமித்தின் அக்கா பெஞ்சிலிருந்து எழுந்தாள், திரும்பி மண்டபத்துக்குள் போய்விட்டாள்.

சிஸ்டர் பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கினார்.

"நான் உங்களுக்காகக் காத்திருக்காம, பாட்டிலை வண்டியிலயே கட்டி, அவளை ஏத்தி அனுப்பியிருக்கலாம், யோசபாத். நீங்க வந்துடுவீங்கன்னு நினைச்சேன். ஆம்புலன்ஸும் வந்துடும்னு நினைச்சேன். அவ ஆஸ்பத்திரி போயிருந்தாலும் பிழைச்சிருப்பாளான்னு எனக்குத் தெரியாது. நிறைய யோசிச்சுட்டேன். தெரியாது."

பிறகு புரூச்சை எடுத்து, நீலக் கவுனில் இடது பக்கம் தானே குத்திக்கொண்டார். ஊசி கொஞ்சம் கெட்டியாக இருந்தது, என் வேலைதான். யோசபாத் அண்ணனைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார். கெர்ட்ரவுட் அக்கா போய்ப் பானையைத் திறந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சிஸ்டர் அந்த வாரம் கோரிக்ஸாஸ் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை யோசபாத் அண்ணன் வால்விஸ் பே ஊருக்குப் போனார். ஊரிலிருந்து செய்தி காற்றுவாக்கில் ஹெட்விக்கிடம் போய்ச் சேர்வதற்குள் தான் சொல்லிவிட வேண்டும் என்று. ஹெட்விக் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள், பிறகு அவரைப் பேருந்து நிலையம் வரைக்கும் கொண்டுவந்து விட்டாள், நாலு மாதம் வரவில்லை. சூலமித்தின் அக்கா இன்றைக்கு வரைக்கும் அவரிடம் பேசுவதில்லை. சாலை முக்கில் சில பேர் அவர் மேசைப் பக்கம் நிற்பதையும் நிறுத்திக்கொண்டார்கள். அவர் அதை எதிர்பார்த்திருந்ததுபோலத்தான் இருந்தார். தினமும் மலைக்கு ஏறினார், இறங்கினார்.

ஐந்தாவது மாதம் ஹெட்விக் வந்தாள். அப்பாவை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு கோரிக்ஸாஸ் போய்வர முடியுமா என்று கேட்டாள். மூன்று பேரும் போனோம். சிஸ்டர் தம்பி வீட்டு வாசலில் பூசணிக்கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார், கையைக் கழுவிக்கொண்டு, ரொட்டி மாவு பிசைந்து வைத்திருக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஹெட்விக் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.